எங்கள் வீட்டு எட்டடிக் குழி

கக்கூஸ் குழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் முகத்தைச் சுளித்தாள். "எழுத வேற விஷயமே கெடைக்கலியாம்மா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பொத்தானை அமுக்கினால் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிற வீட்டில் பிறந்தவள். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டாள். ஐம்பதைத் தாண்டிய நீங்கள் அப்படி முகம் சுளிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் என்னைப் போலக் கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் பிறந்தவராக இருந்தால், விடியற்காலையில் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றது எந்த ஜென்மத்துக்கும் மறக்காது. உள்ளே போனவர் வெளியே வருகிறவரைக்கும் இருமிக்கொண்டே நிற்போம், ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த வரிசையின் மேல் தீராத கோபம். சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுப்போகும் முன்பே கணக்கை முடித்துக்கொண்டு, ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவுக்குப் பின்னால் ஒரு துண்டு மனை வாங்கினார். அப்போது அங்கே பாதி ராகி வயல், பாதி நீலகிரி மரத் தோப்பு. புதிதாக வந்த ஒரு பேக்டரியில் அவருக்குக் கேட் வேலை கிடைத்தது. வீடு கட்டும்போது அவர் முதலில் கட்டியது கக்கூஸை. சமையலறைக்குச் சுவர் எழும்பாமல் அம்மா மூன்று கல் வைத்து வெளியில் சமைத்துக்கொண்டிருந்தபோதே, பின்பக்கத்தில் நீலப் பெயிண்ட் அடித்த கதவோடு கக்கூஸ் தயாராகிவிட்டது. கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறப்பதே எனக்கு ஒரு வாரத்துக்கு விளையாட்டாக இருந்தது.

அதற்குப் பின்னால்தான் குழி. எட்டடி ஆழம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர், மேலே சப்படிக் கல் என்று இங்கே சொல்கிற நீளப் பலகைக் கற்கள். மூலையில் காற்றுப் போக ஒரு குழாயை மேஸ்திரி உயரமாக நிறுத்தியிருந்தார். குழி என்றால் குழி, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைப் பராமரிக்க வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்குத் தெரியும்? எங்கள் ஆட்களில் சொந்தமாகக் குழி வைத்திருந்த முதல் குடும்பமே நாங்கள்தான்.

அம்மா அந்தக் கக்கூஸைச் சாமி அறை மாதிரி வைத்திருந்தாள். நாங்கள் புத்த விகாரைக்குப் போகிறவர்கள், சாமி அறை என்று வீட்டில் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் இவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது. தினமும் காலையில் ஆசிட், சாயங்காலம் பினாயில். இப்போது எனக்குத் தெரியும், குழிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்து கழிவைக் கரைக்கின்றன, ஆசிட் போட்டால் அவை செத்துப்போகும் என்று. அவற்றை நான்கு வருஷமாக நாங்கள் விடாமல் கொன்றுகொண்டிருந்தோம். எல்லாம் சுத்தமாக இருக்கிறோம் என்று காட்டத்தான்.

இன்னொரு தப்பு நைனாவுடையது. பக்கத்து வீட்டில் ஒரு லாரி டிரைவர் குடும்பம், கன்னடக்காரர்கள். நல்ல மனிதர்கள். ஒருநாள் அந்த வீட்டு அம்மா, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "அண்ணா, ஆ பைப்பிந்த வாசனெ பருத்தே" என்று சொல்லிவிட்டார். குழாயிலிருந்து நாற்றம் வருகிறதாம். நைனாவின் முகம் கறுத்தது. நம்மைப் பார்த்து நாற்றம் என்ற சொல்லை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ஊரை விட்டு வந்தவர் அவர். அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, ஒரு கிழிந்த கோணியைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்துவிட்டார். நாற்றம் நின்றது. நைனா திருப்தியாக இறங்கிவந்து கை கழுவியதை நான் பார்த்தேன்.

நான்காவது வருஷ மழைக்காலத்தில், கல்யாணமாகிப் போயிருந்த அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எட்டு மாதம். அவள் வந்த வாரமே கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே வர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக இறங்கியது, பிறகு நின்றது, பிறகு திரும்பி வந்தது. அம்மா குச்சி விட்டுக் குத்தினாள். இன்னும் ஆசிட் ஊற்றினாள். சப்படிக் கல்லின் சந்துகளில் கறுப்புத் தண்ணீர் ஊறி, துணி துவைக்கிற கல் வரைக்கும் வந்துவிட்டது.

நாங்கள் மறுபடியும் டப்பாவைத் தூக்கினோம். இந்த முறை வரிசைகூடக் கிடையாது, நீலகிரித் தோப்புதான். நானும் அம்மாவும் எப்படியோ சமாளித்தோம். அக்கா பாவம். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு செம்மண் சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்து போய், உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் குடை பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிற்பேன். மூன்றாம் நாள் அவள் வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அம்மா சொம்பை நீட்டினால் வாயை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

நைனா சும்மா இருக்கவில்லை. குழாய் போட்டு உறிஞ்சுகிற லாரிக்காக அலைந்தார். உங்கள் லேஅவுட் எங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு ஆபீஸில் சொன்னார்கள். இந்தச் சேற்றில் வண்டி இறங்காது, மழை நிற்கட்டும் என்று இன்னொன்றில் சொன்னார்கள். வீடு கட்டிய மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு ஆளுங்க இருக்காங்கண்ணே. கொஞ்சம் சரக்கு வாங்கி ஊத்துனா எறங்கிடுவாங்க. நான் கூட்டியாரேன்" என்றார்.

நைனா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "சாராயத்தை ஊத்தி மனுஷனை மலத்துல எறக்கறதா? அதுக்கா நான் இங்க வந்து வூடு கட்னேன்? எந்திரிச்சிப் போய்யா!"

அதில் ஒரு எழுத்தைக்கூட இன்றும் நான் மறுக்க மாட்டேன். நைனா சொன்னது நியாயம். அடுத்தவனை இறக்க மாட்டேன் என்கிறவரை அதில் தப்பே இல்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதைத்தான் யாராவது தடுத்திருக்க வேண்டும்.

"நம்ம குழி. நாமளே எடுப்போம்."

இங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் ஒரே தம்பி. இருபத்து நான்கு வயது. தாய் தகப்பன் இல்லாமல் என் அம்மாவின் இடுப்பில் வளர்ந்தவர். நைனாவோடு சேர்ந்து சுரங்கத்தில் இறங்கியவர், நைனா விட்டதும் தானும் விட்டுவிட்டு வந்தார். பீன்யாவில் ஒரு லேத் ஒர்க்‌ஷாப்பில் வேலை, அங்கேயே நாலு பேரோடு ரூம். சனிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கி வருவார். அந்தத் தேங்காயும் டூட்டி ப்ரூட்டியும் எண்ணெய் ஊறிய காகிதமும் கலந்த வாசனை அவர் சட்டையிலேயே இருக்கும். அவர் முகம் எனக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை. எங்களிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒன்று இருந்தது, பேப்பரில் போடவோ எதற்கோ கேட்டு வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. அந்த வாசனை மட்டும் தங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அக்கா தோப்பிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதை மாமா பார்த்தார். தில்பசந்த் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். நைனாவும் அவரும் சப்படிக் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள்.

"இன்னா மாமா, இதுக்கா ஒரு வாரமா லாரி லாரின்னு அலைஞ்சினு இருந்தே?" என்று நைனாவைக் கேட்டார். "எட்டாயிரம் அடி எறங்கினவனுக்கு எட்டடி ஒரு பள்ளமா?"

நைனா சிரித்தார். ஒரு வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. இருட்டுகிறவரைக்கும் மேல் தண்ணீரை வாளியால் மொண்டு, தோட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் ஊற்றிச் சுண்ணாம்பு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. நைனா ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, தகர டப்பாவில் நிறுத்தி, சணல் கட்டிக் குழிக்குள் இறக்கினார். சுரங்கத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த பாதைக்குள் போகும்முன் பெரியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். தீ அணைந்தால் காற்று இல்லை, போகக் கூடாது. எரிந்தால் போகலாம். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மெழுகுவத்தி அழகாக எரிந்தது.

"பாரு மச்சான், சிமிட்டக்கூட இல்ல" என்றார் நைனா.

தங்கச் சுரங்கத்தில் அந்தச் சோதனை போதுமானதாக இருந்திருக்கலாம். பாறைக்குள் அவர்கள் பயந்தது காற்றில்லாமல் போவதற்கும், பாறை வெடிப்பதற்கும், சூட்டுக்கும்தான். சேற்றின் மேல் ஏடு கட்டியிருக்கும், அதற்குக் கீழே விஷக்காற்று அடைபட்டு உட்கார்ந்திருக்கும், அதைக் கடப்பாரையால் குத்தினால்தான் எழும், எழுந்தால் ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும் என்பதைப் பாறையில் வேலை செய்தவர்கள் எப்படி அறிவார்கள்? மெழுகுவத்தி பொய் சொல்லவில்லை. குத்துவதற்கு முன்னால் இருந்த காற்றைத்தான் அது காட்டியது.

மாமா பழைய சுரங்கத் தொப்பியை வேடிக்கைக்காகத் தலையில் மாட்டிக்கொண்டு, எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு மூங்கில் ஏணியில் இறங்கினார். கயிறு ஒன்று இருந்தது. அதை வாளிக்குத்தான் கட்டியிருந்தார்கள். மாமா கீழே வாரி நிரப்ப, நைனா மேலே இழுத்துக் கொட்டினார். இரண்டு வாளி வந்தது. நான் துவைக்கிற கல்லின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அடியில கல்லு மாரி இருக்கு மாமா. கடப்பாரையை எறக்கு" என்று குரல் வந்தது.

கடப்பாரை போனது. நங்கென்று ஒரு சத்தம், தொடர்ந்து இரண்டு சத்தம். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் என் இடம் வரைக்கும் வந்து, உடனே இல்லாமல் போயிற்று. நைனா கயிற்றை ஆட்டினார். "மச்சான், ரொம்பிச்சா?" பதில் இல்லை. "டேய் மச்சான்!" பதில் இல்லை. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சட்டையைக் கழற்றக்கூட இல்லை, ஏணியில் கால் வைத்தார்.

டீ டம்ளர்கள் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா பின்னாலிருந்து நைனாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து அப்படியே மண்ணில் சாய்த்தாள். சுரங்கத்துக்காரர்களின் சட்டம் உங்களுக்குத் தெரியும். கூட இறங்கினவனைக் கீழே விட்டுவிட்டு எவனும் மேலே நிற்க மாட்டான். நைனா அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர். "வுடுடி! வுடு! உன் தம்பிடி! உன் தம்பிடி உள்ள!" என்று கத்திக்கொண்டே முழங்கையால் இடித்தார். அம்மாவின் உதடு கிழிந்து பல் உடைந்தது. ரத்தம் அவருடைய சட்டையில் வழிந்தது. அவள் பிடியை விடவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் ஓடிப்போய் அம்மாவின் விரல்களைப் பிரித்தேன். "வுடும்மா, நைனா போய் மாமாவைத் தூக்கட்டும், வுடும்மா" என்று அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. கடைசியில் அவள் கையைக் கடித்தேன். பதினொரு வயதுப் பெண்ணின் கடி, பலமாகத்தான் இருந்திருக்கும்.

சத்தம் கேட்டு லாரி டிரைவர் ஓடிவந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "பேடா அண்ணா, பேடா! எறங்கவேணாம்! எறங்குனா நீவும் ஹோக்தீரா, செத்துப்போவீங்க!" என்று கத்திக்கொண்டே நைனாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கிளீனர் லாரியிலிருந்து கொக்கியும் கயிறும் கொண்டுவந்தான். மேலே நின்றபடியே கொக்கியை மாட்டி இழுக்க அரைமணி நேரம் ஆயிற்று. துவைக்கிற கல்லின் பக்கத்தில் மாமாவைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மாதான் ஊற்றினாள். எவ்வளவு குடம் என்று தெரியாது. போதும் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

சாவுக்குத் தங்கவயலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒப்பாரிக்கு நடுவிலேயே நைனா வழியில் ஒரு சித்தி சொன்னது என் காதில் விழுந்தது. "கூடப் பொறந்தவனைக் குழிக்குக் குடுத்துட்டு, புருஷனை மட்டும் புடிச்சிக்கினா பாரு." அம்மாவுக்கும் கேட்டிருக்கும், இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நைனாவோடு வேலை செய்த ஒருவர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, தணிந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ நீ மேலயா நின்னுனு இருந்தே?" நைனா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலை அப்புறம் முழுசாக நிமிரவே இல்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. யாரும் சர்க்கரை கொடுக்கவில்லை. மழை நின்றதும் உறிஞ்சுகிற லாரி வந்தது. ஆமாம், அதே லாரிதான். கால் மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் தெருமுனையில் வண்டியைத் திருப்ப முடியாமல் டிரைவர் அலுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. குழாயில் அடைத்த கோணியைப் பார்த்துவிட்டு, இதை யார் அடைத்தது என்று அந்த ஆள் கேட்டார்.

அன்றிலிருந்து நைனா அம்மாவோடு நேராகப் பேசவில்லை. சண்டை இல்லை, குடி இல்லை, கை நீட்டுவது இல்லை. "உங்கம்மாவை சோறு போடச் சொல்லு." "பேக்டரிக்கு நேரமாச்சின்னு உங்கம்மாகிட்ட சொல்லு." எல்லாம் என் வழியாகத்தான். நான் கல்யாணமாகிப் போனதும் சுவரைப் பார்த்துப் பேசினார். அவள் போட்ட சோற்றைத்தான் கடைசி நாள் வரைக்கும் சாப்பிட்டார். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. அவளை அவர் அப்படித் தண்டித்தார் என்றுதான் நான் நினைத்தேன். அது சரியான தண்டனை என்றும் நினைத்தேன். எனக்கு மாமா வேண்டும். மாமாவைச் சாகவிட்டது அம்மா. என் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிகிறவரை அவளைத் தலை பின்ன விடவில்லை, நானே கோணலாகப் பின்னிக்கொண்டு போவேன்.

நைனா போய் இரண்டு வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிகளைப் பற்றி. பாடம் நடத்திய பையனுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு. நீங்க மேல நிக்கறீங்க. மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். இறங்கித் தூக்குவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "எறங்கினா ரெண்டு பொணம். மொதல்ல விழுந்தவரு பெரும்பாலும் அந்த நிமிஷமே போயிருப்பாரு. அவரைக் காப்பாத்தறேன்னு போறவருதான் சும்மா சாகறாரு. அந்த ரெண்டாவது ஆளைத் தடுத்து நிறுத்தறவங்கதான் அங்க உயிரைக் காப்பாத்தறவங்க."

மிச்ச வகுப்பு என் காதில் விழவில்லை. லீவு சொல்லிவிட்டு நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நைனாவுக்கு இது தெரியாமலே போயிற்றே என்றும், சித்தியைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்றும், என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். அம்மா சமையலறைத் தரையில் பேப்பரை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். விஷக்காற்று, ஏடு, இரண்டாவது ஆள், எல்லாம். "நீ பண்ணதுதாம்மா சரி. மாமா கடப்பாரையால குத்துன அந்த நிமிஷமே போயிட்டாரு. நீ வுட்டிருந்தா நைனாவும் போயிருப்பாரு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தாம்மா உன்னைக் கடிச்சேன்."

அவள் கீரையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் இரண்டு தண்டு கிள்ளினாள்.

"உங்க ஆபீஸ் புள்ள சொன்னது நெசமா இருக்கும்" என்றாள். "ஆனா அன்னிக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதேடி."

"தெரியலன்னா இன்னாம்மா? பண்ணது சரிதானே?"

"தம்பி உசுரோடதான் இருக்கான்னு நெனச்சேன். உங்க நைனா எறங்கினா எப்டியும் தூக்கினு வந்துடுவாருன்னுதான் நெனச்சேன். அப்டி நெனச்சிதான் புடிச்சினு இருந்தேன்." அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "ஒருவேளை அவருக்கு எதனா ஆயிட்டா? உங்கக்கா வயித்துப் புள்ளையோட நிக்கறா. நீ இத்தினியூண்டு. எல்லாம் நடுத்தெருவுல நிக்கும். அவனுக்கு யாரு இருக்கா? பொண்டாட்டியா, புள்ளையா? ஏன் வுட்டேன்னு கேக்க அவனுக்கு என்னை வுட்டா வேற ஆளே இல்ல. அதாலதான் அவனை வுட்டேன். உங்க நைனாவுக்கு அது தெரியும். அவரு பேசாம இருந்ததுல தப்பே இல்ல."

ஆறுதல் சொல்ல ஓடிவந்தவள் நான். அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். "கையெல்லாம் மண்ணு, உன் சேலையில படும்" என்று விலக்கிவிட்டு, கீரையை அலச எழுந்து போனாள்.